நனையாமல் நின்றவள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அத்தை எங்களோடு தென்காசியில் இருந்தாள். அப்பாவின் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்று வந்தவள், இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். என்ன ஒத்துப்போகவில்லை என்று அப்பா கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டார் வந்து அவளை அழைத்துப்போவதாக அப்பா பேசி முடித்திருந்தார்.

அந்த வாரம்தான் குற்றாலத்தில், சீசனுக்கு வருகிறவர்களுக்காக, ஒரு மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். அத்தையின் படமும் இருந்தது. அருவியில் பெண்கள் பக்கம். சேலையும் நைட்டியுமாக இருபது முப்பது பேர் தலையைக் கொடுத்து நிற்கிறார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி மட்டும், எல்லாருடைய பைகளையும் துண்டுகளையும் சுமந்துகொண்டு, கழுத்துவரை மூடிய ரவிக்கையில், சொட்டு ஈரமில்லாமல் நிற்கிறாள்.

வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பற்றித்தான் கேட்டார்கள். வேலைக்காரியா என்றார் ஒருவர். தண்ணீரென்றால் பயமா என்றார் இன்னொருவர். அத்தை எல்லாவற்றுக்கும் சிரித்துவைத்தாள். கண்காட்சி நடத்திய பெரியவர் மட்டும் விடவில்லை.

"வரைஞ்சவங்க சொன்னாத்தானம்மா எங்களுக்குப் புரியும்?"

"பாக்கதுக்குத்தான் அண்ணாச்சி வரைஞ்சேன். சொல்ல முடிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள் அத்தை.

அப்பாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "பெரியவங்க கேக்காங்கல்லா, ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி?"

அத்தை படத்தின் சட்டத்தைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பதில் தெரியவில்லை என்று இத்தனை பேரும் நினைத்துவிடுவார்களே என்று எனக்கு ஒரே தவிப்பு. அத்தையோடு ஒரே அறையில் படுக்கிற எனக்குத்தான் தெரியுமே, உடை மாற்றும்போது பார்த்திருக்கிறேன், தூக்கத்தில் புலம்புவதையும் கேட்டிருக்கிறேன்.

"அது அத்தைதான்," என்று உரக்கச் சொன்னேன். "முதுகு பூரா மாமா சிகரெட்டு வச்சுச் சுட்ட தழும்பு இருக்கு. துணி நனைஞ்சா தெரிஞ்சிரும்லா, அதான் குளிக்கல."

செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் கையைக் கீழே இறக்கினார். அதன் பிறகு ஓவியத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அத்தையின் முதுகைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு மாசமா நடுவீட்டுல வச்சுத்தான் வரைஞ்சேன். நீங்க தெனமும் அதத் தாண்டித்தானண்ணே போனீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. வர வேண்டாம் என்று அப்பாவே போனில் சொல்லிவிட்டார். பிறகு விவாகரத்தும் ஆயிற்று. எல்லாம் நான் விளக்கிச் சொன்னதால்தான் என்று எனக்கு வெகுநாள் பெருமை. அத்தை என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. தூரிகைகளையும் டப்பாக்களையும் பின்கட்டு அறைக்கு மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். பெயிண்ட் வாடை எனக்கு ஆகாது என்றுதான் சாத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.