பக்கத்து சீட்டு பிரேக்

என் மாமா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டப் பழகுபவர்களுக்குப் பக்கத்து சீட்டில், தனக்கென்று பொருத்திய தனி பிரேக்கில் கால் வைத்தே இருபத்திரண்டு வருடம் உயிர் பிழைத்தவர்.

வீட்டுக்கு வாங்கிய புது எஸ்.யூ.வி.யைக் கரடுமுரடான மலைப்பாதையில் விட்டே தீரவேண்டும் என்று அடம்பிடித்ததும் அவர்தான். ஓட்டியது என்னவோ அத்தை. பின்சீட்டில் நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மாமாவோ குழிக்குக் குழி, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஓர் இறக்கத்தில் வண்டியின் அடிவயிறு பாறையில் தட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மாமா வேர்வையைத் துடைத்தார். “பாத்தியா? நான் மட்டும் பிரேக் போடலன்னா எல்லாரும் பள்ளத்துலதான்!”

“பாறைதாங்க நிறுத்துச்சு” என்றார் அத்தை.

“பிரேக்கைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?”

அத்தை ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். “சரி, போட்ட காலை எடுங்க. வண்டி நகரட்டும்.”

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். மாமா பெருந்தன்மையோடு காலை எடுத்தார். அதே நொடியில் அத்தை ஆக்சிலரேட்டரை அழுத்த, பாறை புரண்டு, வண்டி ஜம்மென்று நகர்ந்தது.

அன்றிலிருந்து மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தப் பாறையை நான் மன்னிக்கப்போவதில்லை.