தாராவிக்குக் கொண்டுபோன ஐந்து மீட்டர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ரயில் தாதரில் நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நானூறு மைல், அங்கிருந்து பம்பாய்க்கு எண்ணூறு. அவ்வளவு தூரமும் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி என் மடியைவிட்டு இறங்கவில்லை. உள்ளே, பழைய வேட்டியில் சுற்றி, ஒரு யுத்தகாலத்து அமெரிக்கப் பிக்கப் வண்டியின் மீட்டர்கள் இருந்தன. வேகம், பெட்ரோல், கரண்ட், தண்ணீர்ச் சூடு, ஆயில் என்று ஐந்து வட்டங்கள், ஒரே தகட்டில் பதிந்தவை.

நான் ரொட்டிக்கடைக்காரன். மலை எஸ்டேட்டுகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் ஆர்டர் கிடைத்ததும் ஒரு வண்டி தேவைப்பட்டது. என் அக்காள் வீட்டுக்காரர் ஜேக்கப் அத்தானிடம் இந்தப் பிக்கப் நின்றது. எனக்கென்று இருந்த இரண்டு ஏக்கர் நஞ்சையை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். மீட்டர் ஓடாத வண்டியை மலை ஏற விடமாட்டேன் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் கையை விரித்தார்கள். தாராவியில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இந்த மாதிரி மீட்டர்களைச் செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பியவர் அத்தான்தான். "மாப்ள, பம்பாய்ல கண்ண மூடினா இமையக் களத்தி வித்துருவான். ஆயில் மீட்டர் ஒண்ணுதான் கம்பெனி கண்டிசன்ல இருக்கு. அத எவனையும் தொட விடாத" என்றார்.

எனக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. அரக்கோணம், குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று பெரிய ஸ்டேஷன் வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து மீட்டர்களை எண்ணினேன். ஒரே தகட்டில் இருப்பதில் ஒன்றை மட்டும் எவன் உருவ முடியும்? இருந்தாலும் எண்ணினேன். நான்கு முட்கள் செத்துக் கிடந்தன. ஆயில் முள் மட்டும் நாற்பதில் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். எதிர் சீட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளை நீட்டினார். மயக்கமருந்து இருக்குமோ என்று பயந்து, வயிறு சரியில்லை என்றேன். அவர் முழுப் பழத்தையும் தானே தின்றுவிட்டுத் தூங்காமல் பூனா வரை வந்தார்.

தாதரிலிருந்து செம்பூருக்கு டாக்சி. டிரைவர் ஏதோ சுற்றுவழியில் போவதாக எனக்குப் பட்டது. மூன்று ரூபாய் இருபத்தைந்து நயா பைசா. எங்கள் சபைக்காரர் ஞானராஜ் ஒரு கம்பெனியில் கிளார்க். செம்பூரில் இரண்டு அறை வீடு. "மூணேகால்தானா? சரியாத்தான் வாங்கியிருக்கான்" என்றார். பெட்டியைத் தம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். அவரிடம் இன்னொரு சாவி இருக்குமே என்று அன்று முழுக்க யோசித்தேன். சோறு போட்டவரை இப்படி நினைத்தது இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை, காலை ஒன்பது. செம்பூரில் லோக்கல் ஏறி, குர்லாவில் மாறி மாட்டுங்காவில் இறங்கினேன். கூட்டத்தில் பெட்டியை நெஞ்சோடு அணைத்து நின்றதைப் பார்த்து ஒரு மராத்தி அம்மாள், குழந்தை என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து இடம் கொடுத்தாள். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் இட்லி, வடை, காப்பி: அறுபது நயா பைசா. அங்கிருந்து தாராவிக்கு நடந்தே போனேன். தோல் ஊறும் வாடை முதலில் வந்தது, பிறகு திருநெல்வேலிப் பேச்சு காதில் விழுந்தது.

சுடலைமுத்துவின் கடை எட்டடி அகலம். ஆள் என் வயதுதான், நாற்பது இருக்கும். சுவர் முழுக்க முள்ளில்லாத மீட்டர்கள். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டி எங்க அண்ணாச்சி?"

"பாளையங்கோட்டைல."

"மீட்டர் இங்க, வண்டி அங்க. ஆர்.சி. புக் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரத்து இருநூறு மைல் நான் மற்றவர்களைச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். இந்த மனிதர் என்னைத் திருடன் என்கிறார்! உள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வீசாத குறையாகக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"கோவிச்சுக்கிடாதிய. இங்க ராத்திரி காணாமப்போன வண்டியோட மீட்டர் காலைல என் கடைக்கு வரும். போலீசு என்னையல்லா புடிக்கும்?"

"சரி. இந்த நாலையும் செய்யும். ஆயில் மீட்டரைத் தொடக் கூடாது. அது பக்காவா இருக்கு."

அவர் முகம் மாறியது. தகட்டை என் பக்கமாகத் தள்ளினார்.

"யாருக்கு விக்கப் போறிய?"

"விக்கவா? என்னவே பேசுதீரு?"

"இந்த தந்தா, திருட்டு யாவாரம், எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. வேற ஆளப் பாருங்க."

நான் தகட்டைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன். அவர் மூலையில் இருந்த சைக்கிள் பம்பை எடுத்தார். அதன் ரப்பர்க் குழாயை ஆயில் மீட்டரின் பின்பக்க மூக்கில் மாட்டினார். இங்கே எந்த ஆயில் மீட்டர் வந்தாலும், கொண்டுவந்தவர் கையாலேயே பம்ப் அடிக்கச் சொல்வதுதான் வழக்கமாம். காற்று ஏற ஏற முள் ஏற வேண்டும்.

"அடிங்க."

அடித்தேன். முள் நாற்பதில் நின்றது. இன்னும் வேகமாக அடித்தேன். வியர்வை மூக்கில் வழிந்தது. முள் அசையவில்லை.

"பம்ப விடுங்க. அடிக்கதுக்கு முன்னாடி எதுல நின்னுச்சு?"

"நாப்பதுல."

"எஞ்சின் ஓடினாத்தான் ஆயில் அழுத்தும், அழுத்தினாத்தான் முள் ஏறும். வண்டிய விட்டுக் களத்தி, துணில சுத்தி, ரெயில்ல வந்த மீட்டரு எப்படி நாப்பது காட்டும்?"

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் திறந்து திறந்து பார்த்தேனே! மற்ற நான்கும் செத்துக் கிடக்க, உயிரில்லாத இடத்தில் இது ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஆறுதல் வேறு பட்டேனே! எவன் தூக்கிக்கொண்டு போவான் என்று பார்த்த கண்ணுக்கு, எதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று தெரியவில்லை.

நான் விழித்த விழியைப் பார்த்து, இவன் ஏமாற்ற வந்தவன் இல்லை, ஏமாந்தவன் என்று அவருக்கே புரிந்துவிட்டது. டீ வரவழைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முள்ளின் அடியில் கடுகளவு அரக்கு. உள்ளே குழாய் வெடித்திருந்தது.

"எஞ்சின் தேஞ்சு ஆயில் அழுத்தம் விளுந்துபோச்சுன்னா, விக்கவன் இப்படி ஒட்டிருவான். மலை ஏறிருந்தியன்னா, பாதில எஞ்சின் இறுகிப் புடிச்சு நின்னிருக்கும். வண்டி பின்னால உருண்டா என்ன செய்விய?"

"இது எப்ப ஒட்டினது?"

"அரக்கு வயசு சொல்லுமா அண்ணாச்சி?"

ஐந்தையும் செய்ய நாற்பத்தெட்டு ரூபாய் பேசினோம். வியாழனும் வெள்ளியும் கடையிலேயே இருந்தேன். முதல்நாள் அவர் கையைக் காவல் காத்தேன். மறுநாள் மீட்டர் அவரிடம் இருக்க, நான் பாட்டுக்கு எழுந்துபோய் மாஹிம் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை நானே பம்ப் அடித்தேன். முள் ஏறியது, நிறுத்தினால் பூஜ்யத்துக்கு இறங்கியது. கழற்றிய பழைய குழாய், திருகாணி, அந்த அரக்குத் துணுக்கு வரை பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்காத கடைக்கு இங்கே ஆள் வராதாம். ஞானராஜ் தாதர் வரை வந்து ரயிலேற்றிவிட்டார்.

திரும்பும் பயணத்தில் பெட்டியை மேல் பலகையில் போட்டுவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. மனம் மட்டும் ஓயாமல் கணக்குப் போட்டது. அத்தான் இந்த வண்டியை ஒரு காண்டிராக்டரிடம் வாங்கினார். ஒட்டியது அவனாக இருக்கலாம். அத்தானும் என்னைப்போல அந்த முள்ளைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? ஊர்பேர் தெரியாத எல்லாரையும் காரணமில்லாமல் சந்தேகப்பட்டவன், இந்த ஒருவரைக் காரணம் இருந்தும் சந்தேகப்படாமல் இருக்க என்ன பாடுபட்டேன்! அவர் தெரியாமல் செய்தார் என்று மட்டும் ஆகட்டும், நிலம் போனால் போகிறது, எஞ்சினை நானே பிரித்துச் செய்துகொள்கிறேன் என்று ஜெபமே பண்ணினேன்.

பம்பாயில் ஐந்து நாள் இருந்தேன். ஒருவரும் என்னை ஏமாற்றவில்லை. ஆரஞ்சுக்காரரிடம் வயிற்றுவலி என்றதைத் தவிர நானும் ஒரு பொய் சொல்லவில்லை. நம் ஊரில் அப்படி ஒரு வாரம் இருந்ததுண்டா என்று யோசித்துக்கொண்டே திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன்.

அத்தான் பிளாட்பாரத்தில் நின்றார். பக்கத்தில் அக்காள். பயணம் எப்படி என்று கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, "ஆயில் மீட்டர எவனும் தொறக்கலியே மாப்ள?" என்றார்.

அக்காள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் வந்ததால் அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இல்ல அத்தான்" என்றேன். "யாரும் தொறக்கல."