உப்பளப் பாதையில் கொதித்த ஜீப்

இன்று மதியம் மரக்காணம் உப்பளத்து மண் பாதையில் என் பழைய ஜீப் கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் ஹோஸ் முனையில் கிழிந்திருந்தது.

உப்பு பார்த்துவிட்டு ரோட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த வியாபாரி ஒருவர் நின்றார்.

"இன்னும் இத வச்சிக்கினு இருக்கீங்களாம்மா? காயலான் கடைக்குப் போட்டுட்டு புதுசு எடுங்க."

"உங்க வண்டி எங்கங்க?"

"ரோட்லயே நிறுத்திட்டேன். புது கார். இங்க இறக்குனா அடி தட்டும்."

இன்ஜின் ஆறியதும் கிழிந்த முனையை வெட்டிவிட்டு ஹோஸை மாட்டி கிளிப்பை முறுக்கினேன். சுற்றிலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்க வைத்திருந்த கேனை ரேடியேட்டரில் கவிழ்த்தேன்.

"ஏறுங்க, ரோடு வரைக்கும் விடுறேன்."

ஏறினார். வழி முழுக்க ஹீட் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது ஏறவில்லை.

ஜீப்பை விற்றுவிடச் சொல்லி இந்தப் பதிவின் கீழே எழுதப்போகிறவர்கள், அதே பாதைக்கு உங்கள் காரில் வந்து சொல்லுங்கள்.