பாதி மேலே, பாதி கீழே

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: பாதி. கேலிக்கு வைத்த பெயர்தான். இன்றைக்கும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பேன்.

யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பூந்தமல்லிப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மேனாம்பேட்டில் என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் கரையான்சாவடிக்கு வண்டியில் வைக்கோல் ஏற்றிப் போகும்போதெல்லாம் ஒரு புதுச் சேதியோடு திரும்புவார். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டி, மழை இறங்காமல் மேலே கூரையும் போட்டார். தெருவே வெட்டியது. தமுக்குச் சத்தம் கேட்டால் குழிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஊரில் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஆள் இறங்கினால் போதாதாம், விதைநெல்லும் இறங்க வேண்டுமாம். மழைக்காலம் முடிந்து வரும் நவரை நடவுக்கு வைத்த விதை, வாய்க்கு மண் பூசிய பானைகளில் இருந்தது. அது போனால் நடவு கிடையாது, வருஷம் முழுக்கக் கஞ்சியும் கிடையாது.

"குண்டு வுழுந்தா ஊடு எரியும்மே. அல்லாத்தியும் குழில வெச்சிடலாம்" என்றார்.

"வுழலன்னா?"

"வுழும்னு அல்லாரும் சொல்லிகினு கீறாங்க."

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? விழும் என்று சொல்லவும் வாய் வரவில்லை, விழாது என்று சொல்லவும் வரவில்லை. தெரியாத ஒன்றை நம்பி இருக்கிற விதை மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். பாதிப் பானைகள் குழிக்குப் போயின. மீதியை நானே பரணில் ஏற்றினேன்.

"இன்னாமே, குண்டு போட்றவன் பாதி குண்டா போடுவான்?" என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டுவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. பாதிக்கு எதற்கு முழுப் புடவை என்று கிணற்றடியில் சிரித்தார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. பானையை மட்டும் இறக்கவில்லை.

ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. அத்தனை பேரும் வானத்தில் ஏரோப்பிளேனைத் தேடினோமே தவிர, ஊர் ஏரிக்கரையை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அது உடைந்து அங்கே யாரும் கண்டதில்லை. ஒரு நாள் காலையில் உடைந்தது. தமுக்கு அடித்தார்கள். பேசி வைத்தபடியே தெரு மொத்தமும் குழிக்குள் இறங்கியது!

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவதற்குள் கணுக்காலில் தண்ணீர் தட்டியது. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கத்தினேன்.

"குண்டு இல்லய்யா, ஏரி! ஏறி வா!"

குழிக்குள் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். தெரு நெடுக அதையே கத்திக்கொண்டு ஓடினேன். எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்தபோது வயலில் சம்பா அழுகிக் கிடந்தது. தெருவில் எல்லாரும் மொத்தமாகக் குழியில் வைத்திருந்த விதை ஊறி, முளைவிட்டு, நாறியது. எங்கள் பரணில் ஏற்றிய பாதி மட்டும் காய்ந்தது காய்ந்தபடி இருந்தது. கிணற்றடியில் சிரித்தவர்கள் முறத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். கொடுத்தேன். யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டு, பாதி வீட்டுக்கு என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்துத்தான் கொடுத்தேன். எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "யக்கா, இந்த வாட்டி ஏரி ஒடையுமா?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

தெரிந்தும் மறைக்கிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். போய், மொத்த விதையையும் பரணில் ஏற்றினாள். தெருவே ஏற்றியது.

எங்கள் வீட்டில் அவரே பாதிப் பானைகளைப் பரணில் வைத்தார். இறங்கி வந்து, மீதியை வண்டியில் அடுக்கினார்.

"எங்கய்யா?"

"கள்ளிக்குப்பத்துல உங்க அக்கா ஊட்ல வெச்சிட்டு வரேன்."

"இன்னாத்துக்கு?"

"பரண் எரிஞ்சிச்சின்னா?"

எரியுமா என்று நான் கேட்கவில்லை. மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து வண்டியில் பூட்டிக் கொடுத்தேன்.