துண்டுக் கரும்பு

பொங்கலுக்கு முதல் நாள் ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் கரும்பு தேடி அலைந்தேன். கீழக்கரை பாய் ஒருவர் கடையில்தான் கிடைத்தது. அவரோ எல்லாவற்றையும் முழ நீளத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"முழுசா ஒண்ணு குடுங்க பாய், கேட்ட விலை தர்றேன்."

"துண்டுதாம்மா."

கூடுதல் லாபத்துக்கு வெட்டுகிறார் என்று நினைத்து, "பண்டிகையிலயுமா இந்த வியாபாரம்?" என்று கத்திவிட்டேன்.

அப்போது லேபர் கேம்ப் பஸ்ஸிலிருந்து நம் ஊர்த் தொழிலாளிகள் இறங்கி வரிசையில் நின்றார்கள். பாய் ஒரு டீ விலைக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

"முழுசா வித்தா நாலு வீட்டோட தீந்துரும்மா. இவங்க ரூம்லயும் பொங்கல்தானே?"

வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

இப்போது வேறு கடைகளில் முழுக் கரும்பே கிடைக்கிறது. நான் பாயிடம் ஒரு துண்டுதான் வாங்குகிறேன்.