நுரை மாத்திரையும் நன்மையும்

இளம்பிள்ளையில் தறிக்கு நூல் சுற்றி வந்த சகாயம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் சேலம் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். "இன்னொண்ணு தாங்காதும்மா" என்று டாக்டர் சொன்னபோது கணவன் ராயப்பனும் பக்கத்தில்தான் நின்றான்.

1966 கோடையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தது. கருப்பைக்குள் லூப் வைத்துக்கொள்ளப் பயந்த பெண்களுக்கு, படுக்குமுன் உறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் நுரை மாத்திரை கொடுத்தார்கள். வெயிலில் கிடந்து பிசுபிசுத்துப்போன மாத்திரை. உள்ளே வைத்ததும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. மறுபடி ஜீப் வந்தபோது போய்ச் சொன்னாள்.

"புண்ணாப் போச்சுங்க. வேற மருந்து இல்லீங்களா?"

அதிகாரி பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "எத்தனை பேரு வாங்குனாங்கன்னுதான் மேல கேக்கறாங்க. எரியுதான்னா கேக்கறாங்க?"

இன்னொரு டப்பாவைக் கையில் திணித்தார். சுற்றி நின்ற ஆண்களும் சிரித்தார்கள்.

எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அதையும் வைத்தாள். அப்படியும் ஆறாவது தங்கியது. ஏழாம் மாதம் செத்துப் பிறந்தது. அவள் பிழைத்தது அதிசயம்.

உடம்பு தேறியதும் சேலத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். தினம் ஒன்று விழுங்கும் மாத்திரை கிடைத்தது. குமட்டியது, ஆனாலும் பல வருஷங்களுக்குப் பிறகு பயமில்லாமல் தூங்கினாள்.

1968 ஆவணியில், அந்த மாத்திரை கூடாதென்று பாப்பரசர் சொல்லிவிட்டதாகக் கோயிலில் வாசித்தார்கள். ராயப்பன் தானே பங்குச்சாமியாரிடம் போய் மனைவியைக் காட்டிக்கொடுத்தான். அடுத்த ஞாயிறு, நாக்கில் வைக்கும் நன்மை அப்பம் வாங்க முழந்தாளிட்டிருந்தவளைச் சாமியார் தாண்டிப்போனார். ஆண்கள் பக்கத்தில் ராயப்பனுக்குக் கிடைத்தது.

பூசை முடிந்ததும் கணவன் எதிரிலேயே சாமியாரை மறித்தாள்.

"ஏனுங்க சாமி, எனக்கு மட்டும் ஏன் இல்லீங்க?"

"மாத்திரையை நிறுத்திட்டு வா. குழந்தை வேண்டாம்னா ரெண்டு பேரும் அடக்கமா இருங்க."

"அதை இவருகிட்டச் சொல்லுங்க சாமி. செத்த புள்ளையப் புதைச்சுட்டு வந்த அந்த மாசமே பக்கத்துல வந்து படுத்தாருங்க."

ராயப்பன் தரையைப் பார்த்தான். சாமியார் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பொம்பளை பேசற பேச்சா இது?" என்றார் இவளிடம்.

சகாயம்மாள் சுவரோரம் காறித் துப்பிவிட்டு நடந்தாள். அன்று சாயங்காலம் ராயப்பன் பார்க்கவே மாத்திரையை விழுங்கினாள்.

அதன்பின் அவளுக்குக் குழந்தை இல்லை. பூசைக்குப் போவாள், நன்மைக்கு எழ மாட்டாள். ராயப்பன் வாரம் தவறாமல் கண்ணை மூடி நாக்கை நீட்டினான். அந்தப் பக்கம் பார்ப்பதை அவள் நிறுத்திக்கொண்டாள்.