பெரியப்பாவுக்கு ஒரு சலாம்

என் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே என் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துவிட்டாள். வெறும் எண்ணாகச் சொன்னபோது மனத்தில் நிற்கவில்லை. அதனால் தாலாட்டு மெட்டில் பாடிப் பழக்கினேன். பேரங்காடியில் தொலைந்துபோனால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கல்லாவில் இருக்கும் அக்காவிடம் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் பொத்தான்களுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். பள்ளி வேன் ஓட்டும் அங்கிளுக்குப் பதில் வேறு யாராவது வந்து அம்மா அனுப்பினார் என்றால், எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். அந்தச் சொல்லை நான் மாற்ற வேண்டியதாகிவிட்டது. முதல் சொல்லை அவள் வேனில் இருந்த எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

என் கணவர் சிரிப்பார். "நீ பிள்ள வளக்குறியா, இல்ல ஜாகா வேலைக்கு ஆள் எடுக்குறியா?" என்பார். ஜாகா என்றால் இங்கே காவலாளி.

எனக்குச் சிரிப்பு வராது. நான் படித்தவள். கெலுகோரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி எது வந்தாலும் படிப்பேன். படித்துவிட்டு, இதைச் சொன்னால் பிள்ளை பயந்துவிடுவாளோ, சொல்லாவிட்டால் ஏமாந்துவிடுவாளோ என்று இரண்டு பக்கமும் யோசிப்பேன். அப்படி யோசித்தபோதெல்லாம் என் மனத்தில் வந்த முகங்கள் தெரியாதவர்களின் முகங்கள்.

அவள் ஒன்றாம் ஆண்டு படிக்கும்போது பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓர் ஆசிரியை பேசினார். யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் முதலில் 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுத்து விலகி வர வேண்டும். பிறகு நம்பிக்கையான பெரியவரிடம் சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்கு வந்து உள்ளங்கையை முன்னால் நீட்டி நடித்துக் காட்டினாள். அதன் பிறகு தினமும் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. நான் அவள் கையைப் பிடிப்பேன். அவள் வேண்டாம் என்பாள், சிரித்துவிடுவாள். "சிரிக்கக் கூடாதும்மா. சிரிச்சா நீ சும்மா சொல்றன்னு நெனைச்சிக்குவாங்க" என்று திருத்துவேன்.

"யாரா இருந்தாலும் சொல்லலாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"யாரா இருந்தாலும் சொல்லலாம்" என்றேன். அந்த வார்த்தையை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவள், அதை யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு வீட்டுக்குள் போனால் பெரியவர்களுக்குச் சலாம் பண்ண வேண்டும். பெரியவரின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வதுதான் சலாம். மலாய்க்கார அண்டைவீட்டாரிடமிருந்து எங்களுக்கு வந்த பழக்கம். தீபாவளி என்றால் சலாம் முடிந்ததும் அங்பாவ் கிடைக்கும். பணம் வைத்த அந்தச் சின்ன உறை சீனர்களிடமிருந்து வந்தது. இப்போது இரண்டும் எங்களுடையவைதான். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கூட விட்டுவிடாமல் பிள்ளை சுற்றி வர வேண்டும். ஒருவரை விட்டால் பேச்சு பிள்ளைக்கு இல்லை, பெற்றவளுக்கு. அதனால் உறவினர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கை தானாக மகளின் முதுகுக்குப் போய்விடும். "போ, எல்லாருக்கும் சலாம் பண்ணு."

நாங்கள் இருப்பது தீவில். என் அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போனதால் என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது, தலை பின்னியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அக்காதான். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். கை நழுவும், மணிக்கட்டு நழுவாது என்பாள். அவளுக்குக் கல்யாணமான பிறகும் என் பள்ளி விடுமுறைகள் அவள் வீட்டில்தான் கழிந்தன.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், யாருக்கு என்ன தேவை என்றாலும் முதலில் வந்து நிற்பார். எனக்குப் பிரசவ வலி வந்தபோது கணவர் வெளியூரில் இருந்தார். மாமாதான் கொட்டும் மழையில் பாலத்தைத் தாண்டி வந்து என்னைத் தன் காடியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்சீட்டில் நான் அழுததைவிட முன்சீட்டில் அவர் அழுதது அதிகம்.

அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. சலாம் பண்ண வரும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வார், விட மாட்டார். மடியில் இழுத்து உட்காரவைத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்தால்தான் அங்பாவ் என்பார். பிள்ளை நெளியும், கூடமே சிரிக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு மாதிரி அதுவும் எங்கள் தீபாவளியில் ஒன்று. எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த மடியைத் தாண்டி வந்தவர்கள்தான்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது மகள் பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். வரிசையாக எல்லாருக்கும் சலாம் பண்ணிக்கொண்டே போய் மாமாவிடம் நின்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க முத்தம்? முத்தம் இல்லன்னா அங்பாவ் இல்ல."

"வேணாம் பெரியப்பா."

"என்னா வேணாம்? அங்பாவ் வேணாமா?"

கூடம் சிரித்தது. மகள் இன்னொரு கையை முன்னால் நீட்டினாள். "வேண்டாம்!"

"அடேங்கப்பா, போலீஸ்காரி மாதிரி கைய காட்டுறா பாரு லா!" என்றார் மாமா. சிரிப்பு இன்னும் கூடியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் பழக்கியிருந்தேனே.

முறுக்குத் தட்டோடு நின்றிருந்த என் வாயிலிருந்து, "பெரியப்பா சும்மா வெளையாடுறாரும்மா, குடுத்துட்டு வா" என்று வந்தது. நினைத்துச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட கூடங்களில் அம்மாக்கள் சொல்வது அதுதான்.

அவள் விலகி வரப் பார்த்தாள். கை வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். விட மாட்டேங்கிறாரு."

பள்ளியில் சொன்னதை வரிசை மாறாமல் செய்திருந்தாள். கடைசியில் சொல்ல வேண்டிய பெரியவள் நான்.

தட்டை வைத்துவிட்டுப் போனேன். "மாமா, அவ கைய விடுங்க."

"நீ வேற லா. நான் என்னா அவள கடிச்சா திங்கப் போறேன்?"

"விடுங்க மாமா! அவ வேணாங்கிறா."

நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். மாமா கையை விட்டார். அங்பாவை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்காமல் என் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மாமா தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கெட்டவர் ஒருவர் பிடிபட்ட முகம் இல்லை அது. ஏன் என்று புரியாத முகம்.

அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "இத்தன பேரு முன்னாடி அவர என்னான்னு நெனச்ச நீ?"

"நான் தப்பா ஒண்ணும் நெனைக்கலக்கா."

"நீ நெனைக்கல. பாத்தவங்க நெனைப்பாங்கல்ல?"

அவள் சொன்னது உண்மை. நான் அன்று எழுப்பிய குரலை அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அதன் பிறகு அக்கா போன் எடுக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது அவளிடம் பேசிக்கொண்டே போவது என் பழக்கம். அந்த நேரத்தில் இப்போது வானொலி கேட்கிறேன். கேட்கிறேனா என்று தெரியவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. சாலையில் காடிகள் ஊரும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்வேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ? சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கியிருக்கலாமோ? போவதற்கு முன்பே அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கலாமோ?

ஒரு சனிக்கிழமை நான் மட்டும் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா இல்லாத நேரம். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஆய்ந்தேன்.

"சின்னதுல நீ எத்தன தடவ அவரு மடியில உக்காந்திருப்ப? உனக்கு என்னா ஆச்சு, சொல்லு" என்றாள்.

"ஒண்ணும் ஆகலக்கா." உண்மையாகவே ஒன்றும் ஆகவில்லை. "ஆனா எனக்குப் புடிக்காது. மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அக்காவின் கை நின்றது. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னே எனக்குத் தெரியாதுக்கா."

அவள் குனிந்து கீரையைப் பார்த்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. பிறகு, "ஒரு தடவ பிள்ளையக் கூட்டிட்டு வா" என்றாள். "முத்தமெல்லாம் வேணாம். வெறும் சலாம் போதும். நாலு பேரு பாக்கணும், அவ்வளவுதான். அந்த மனுசன் கோயிலுக்குக்கூட வர மாட்டேங்கிறாரு."

கேட்டது சின்ன விஷயம்தான். திரும்பி வரும்போது அதைச் செய்துவிடலாம் என்றே இருந்தேன். இரண்டு நாள் கழித்து மகளிடம் பேச்சை எடுத்தேன். பெரியப்பா வருத்தமாக இருக்கிறார், சலாம் மட்டும் பண்ணிவிட்டு வந்துவிடலாம் என்றேன்.

"திரும்பப் பிடிச்சிக்கிட்டா?"

"பிடிக்க மாட்டாரு."

"பிடிச்சா, அன்னிக்கு மாதிரி எல்லாரு முன்னாடியும் விடச் சொல்வீங்களா?"

உடனே 'சொல்வேன்' என்றிருக்க வேண்டும். கீரையின் மேல் நின்றுபோன அக்காவின் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கொஞ்ச நேரத் தயக்கத்தை மகள் பார்த்துவிட்டாள்.

"நான் வரலம்மா" என்றாள்.

"சரி, வேணாம்" என்றேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் தடவையே எடுத்தாள், காத்திருந்தவள் போல. நான் சொல்லி முடித்ததும், "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

அடுத்த தீபாவளிக்கு நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். நான் செய்த முறுக்கு கடினமாக இருந்தது. பதம் கேட்க ஆள் இல்லை.

போன மாதம் ஓர் உறவினர் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். மாமா வரவில்லை. நான் எப்படி அருகில் போவது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே மகள் என் கையை விட்டுவிட்டு ஓடினாள். யாரும் சொல்லாமல் பெரியம்மாவின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அக்கா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அணைத்துக்கொள்ளப் போனவள் பாதியில் கைகளை நிறுத்தி, "பெரியம்மா கட்டிக்கவா?" என்று கேட்டாள். மகள் தலையாட்டினாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, சீக்கிரமே விட்டுவிட்டாள். ஏதோ கேட்டாள். பள்ளியைப் பற்றியாக இருக்கும். மகள் விரல்களை விரித்து விளக்கினாள்.

நான் நாலடி தூரத்தில் நின்றேன். அக்கா நிமிர்ந்தபோது எங்கள் கண்கள் ஒருமுறை சந்தித்தன. அவள் திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

காடியில் பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள். "பெரியம்மா ஏன் உங்ககிட்ட பேசல? என்னாலயா?"

"இல்லம்மா. உன்னால இல்ல. என்னாலதான்."

"அப்ப நீங்க சாரி சொல்லிடலாம்ல?"

பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தோம். ஏன் சொல்லவில்லை என்று விளக்கப் போனால், எல்லாம் அவளுக்காகத்தான் என்று கடைசியில் சொல்ல வேண்டியிருக்கும். எட்டு வயதுப் பிள்ளை அதைச் சுமக்கக் கூடாது.

"சொல்றேன்மா" என்றேன்.